ஏழு மோட்களும் ஏன் ஒன்றுபோலக் கேட்கின்றன? லீட் கிட்டார் பழகும் ஒருவருக்கு விரிவான பதில்

கல்முனையிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் தேவாலயப் பாடகர் குழுவில் ரிதம் கிட்டார் வாசிப்பவர். பாடசாலையில் சாதாரண தரம் வரை கர்நாடக சங்கீதம் படித்தவர். லீட், அதாவது பாட்டின் நடுவே தனித்து ஒலிக்கும் மெட்டு, வாசிக்கும் ஆசையில், பென்டாடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேலின் ஐந்து பெட்டிகளையும் (விரல் வைக்கும் வடிவங்கள்), அயோனியன் முதல் லோக்ரியன் வரையான ஏழு மோட்களின், அதாவது ஏழு சுர ஸ்கேல் வகைகளின், விரல் வடிவங்களையும் மனனம் செய்திருக்கிறார். ஆனால் பாட்டின் நடுவே வாசிக்கும்போது ஏழும் மேஜர் ஸ்கேல் போலவே கேட்கின்றன என்கிறார். எதை எந்த ஒழுங்கில் பழகுவது, வேகம் அவசியமா, மேலைத்தேய இசைக்குறியீடு கட்டாயமா என்பன அவருடைய மற்றக் கேள்விகள்.

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நீங்கள் வாசிக்கும் பாட்டு சி மேஜரில் அமைந்து, அடியில் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று கோர்ட்கள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் விரல் டி என்ற சுரத்தில் தொடங்கி டி வரை சென்றாலும் கேட்பவருக்கு அது டி டோரியனாகக் கேட்காது. அந்தக் கோர்ட்கள் சி என்ற சுரத்தையே ஆதாரமாக நிறுத்தி வைத்திருப்பதால், நீங்கள் வாசித்தது இரண்டாவது சுரத்தில் தொடங்கிய சி மேஜர் ஸ்கேல்தான். எந்தச் சுரத்தில் தொடங்குகிறோம் என்பது ஒரு மோட்டைத் தீர்மானிப்பதில்லை. எந்தச் சுரம் ஆதார சட்ஜமாக நிலைத்து நிற்கிறது, மற்றைய ஆறும் அதிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. விரல் வடிவங்களை மட்டும் அச்சிட்டுத் தரும் பாடப் படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அதனால் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் ஏழு வடிவங்களைப் பழகியும் ஒரே ஒரு ஸ்கேலைத்தான் கற்றிருக்கிறார்கள்.

சங்கீதம் படித்த உங்களுக்கு இது புதிய விடயமாக இருக்காது. ஒரு மேளத்தின், அதாவது ஏழு சுரத் தாய் இராகத்தின், சுரங்களை மாற்றாமல் வேறொரு சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் வேறொரு மேளம் பிறக்கும் என்று கிரகபேதத்தில் படித்திருப்பீர்கள். பழந்தமிழிசையில் பாலைகள் எனப்படும் ஏழு அடிப்படைச் சுர வரிசைகளும் இவ்வாறுதான் பிறந்தன (குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை ச, ரி, க, ம, ப, த, நி ஆகியவற்றின் பழந்தமிழ்ப் பெயர்கள்): குரலைக் குரலாகவே வைத்தால் செம்பாலை, துத்தத்தைக் குரலாக்கினால் படுமலைப்பாலை, கைக்கிளையில் செவ்வழிப்பாலை, உழையில் அரும்பாலை, இளியில் கோடிப்பாலை, விளரியில் விளரிப்பாலை, தாரத்தில் மேற்செம்பாலை. பலரும் ஏற்கும் விளக்கத்தின்படி செம்பாலையை அரிகாம்போதி என்று கொண்டால், அது மிக்சோலிடியன். தொடர்ந்து வருபவை ஏயோலியன், லோக்ரியன், அயோனியன், டோரியன், ஃபிரிஜியன், லிடியன் என்று ஒழுங்கு பிசகாமல் பொருந்தும். உங்கள் ஊருக்கு மிக அருகே காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலானந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் ‘பாலைத்திரிபியல்’ என்றொரு இயலையே இதற்கென எழுதியிருக்கிறார். கிட்டார் பழகுபவர் அந்த இயலை முழுவதும் கற்றுத் தேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கணக்கு மிகுந்த, கடினமான நூல். ஆனால் மோட் என்பதை ஏதோ புரியாத மேலைத்தேயச் சூத்திரம் என்று அஞ்சுவதற்கு நம் பகுதியில் வளர்ந்த ஒருவருக்குக் காரணம் இல்லை.

ஆகவே விரல் வடிவங்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு தந்தியில் தொடங்குங்கள். வழமையான சுருதியில் கிட்டாரின் ஆறாவது தந்தியும் முதலாவது தந்தியும் ஈ என்ற சுரத்திலேயே இருக்கின்றன. ஆறாவது தந்தியைத் திறந்தபடி அடித்து ஒலிக்க விட்டு, முதலாவது தந்தியில் மட்டும் விரலை மேலும் கீழும் நகர்த்தி வாசியுங்கள். கைத்தொலைபேசியில் தம்பூராச் செயலி இருந்தால் இன்னும் நல்லது; அதை மூன்று கட்டைக்கு, அதாவது ஈ சுருதிக்கு, பஞ்சமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைச் சுரம் என்பதால், பன்னிரண்டு சுரத்தானங்களும் ஒரே தந்தியில் உங்கள் கண் முன்னே வரிசையாக நிற்கும். பெட்டி வடிவங்களில் தந்திக்குத் தந்தி தாவும்போது மறைந்துபோகும் இடைவெளிகள் இங்கே வெளிப்படையாகத் தெரியும்.

முதலில் லிடியனை வாசியுங்கள். முதலாவது தந்தியில் அதன் ஃப்ரெட்கள் 0, 2, 4, 6, 7, 9, 11, 12. இது கல்யாணியின் சுரத்தானங்கள் என்பதை வாசித்த உடனேயே உங்கள் காது சொல்லிவிடும். இனி ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ஒரு ஃப்ரெட் இறக்கப் போகிறோம். பிரதி மத்திமத்தைச் சுத்த மத்திமமாக்கி 6ஐ 5 ஆக்கினால் அயோனியன், அதாவது மேஜர் ஸ்கேல், சங்கராபரணம். அதில் காகலி நிஷாதத்தைக் கைசிகியாக்கி 11ஐ 10 ஆக்கினால் மிக்சோலிடியன், அரிகாம்போதி. அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக்கி 4ஐ 3 ஆக்கினால் டோரியன், கரகரப்பிரியா. தைவதத்தை 9இலிருந்து 8க்கு இறக்கினால் ஏயோலியன், அதாவது இயல்பான மைனர், நடபைரவி. ரிஷபத்தை 2இலிருந்து 1க்கு இறக்கினால் ஃபிரிஜியன், தோடி. கடைசியாக 7இல் இருக்கும் பஞ்சமத்தையே 6க்கு இறக்கினால் லோக்ரியன். சட்ஜ பஞ்சமங்களை அசைக்காத மேளகர்த்தா முறையில் அதற்கு இடமில்லை. தம்பூராவின் பஞ்சமத்தோடு மோதும்போது அதன் காரணம் உங்களுக்கே கேட்கும்.

இந்த வரிசையில் பழகுவதைத்தான் நான் வலியுறுத்துவேன். பாடநூல்கள் வழக்கமாக அயோனியன், டோரியன், ஃபிரிஜியன் என்று மேஜர் ஸ்கேலின் சுர ஒழுங்கில் தருகின்றன. அந்த ஒழுங்கில் அடுத்தடுத்து வரும் இரண்டு மோட்களை ஒரே ஆதார சுருதியில் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் பல சுரங்கள் ஒருங்கே மாறுவதால், எந்தச் சுரம் எந்த நிறத்தைத் தருகிறது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. நான் சொன்ன ஒழுங்கிலோ வெளிச்சம் மிகுந்த லிடியனிலிருந்து இருண்ட லோக்ரியன் வரை படிப்படியாக இறங்குகிறோம். ஒவ்வொரு படியிலும் மாறுவது ஒரே ஒரு சுரம். மிக்சோலிடியனையும் டோரியனையும் மாறி மாறி வாசித்து, காந்தாரம் மாறும் அந்த ஒரு நொடியில் மனநிலை எப்படித் திரும்புகிறது என்று கேளுங்கள். டோரியனுக்கும் ஏயோலியனுக்கும் இடையே தைவதம் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது; லீட் வாசிப்பில் அதிகம் பயன்படும் வேறுபாடும் அதுவே. ஒவ்வொரு மோட்டையும் வாசிப்பதற்கு முன்பு சுரம் சொல்லிப் பாடிப் பாருங்கள். பாட முடியாத ஒன்றை விரல் வாசித்தால், அது விரலின் பழக்கமாக மட்டுமே நிற்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கரகரப்பிரியா என்றும் தோடி என்றும் நான் எழுதுவது சுரத்தானங்களை அடையாளம் காட்டுவதற்காக மட்டுமே. இராகம் என்பது சுரப் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. தோடியின் காந்தாரம் கமகத்தோடு எப்படி அசைகிறது என்று கேட்டவர் எவரும் ஃபிரிஜியன் ஸ்கேலை நேராக ஏறி இறங்கிவிட்டு அதைத் தோடி என்று சொல்லத் துணியமாட்டார். மற்றையது, தம்பூராவோடு ஈ சுருதியில் நான்காவது ஃப்ரெட்டின் அந்தர காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் அது சற்றுக் கூர்மையாக ஒலிப்பதை நீங்கள் கவனிப்பீர்கள். கிட்டார் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்துக் கட்டப்பட்ட கருவி. அதன் காந்தாரம், தம்பூராவின் நாதத்திலிருந்து இயல்பாக எழும் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரத்தில் நிற்கிறது. அரைச் சுரம் என்பது 100 சென்ட். எனவே சுருதிக் கட்டைகளைத் திருகித் திருகி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

அடுத்து, நீங்கள் ஏற்கெனவே பழகிய பென்டாடோனிக் பெட்டிகளை மோட்களோடு இணைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாக வைத்திருப்பதால்தான் மோட் படித்த பிறகும் வாசிப்பு மாறாமல் இருக்கிறது. ஏ மைனர் பென்டாடோனிக்கை ஐந்தாவது ஃப்ரெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, சி, டி, ஈ, ஜி ஆகிய ஐந்து சுரங்கள், சுத்த தன்யாசியின் சுரங்கள். ரிஷபமும் தைவதமும் இதில் இல்லை. அந்த இரண்டு வெற்றிடங்களை எப்படி நிரப்புகிறீர்கள் என்பதே மோட்டைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது தந்தியில் பெட்டியின் சுரங்கள் 5, 8 ஆகிய ஃப்ரெட்களில் இருக்கின்றன. முதலாவது தந்தியிலும் அவ்வாறே. இரண்டாவது தந்தியின் இடைவெளியில் தைவதமும், முதலாவது தந்தியின் இடைவெளியில் ரிஷபமும் வந்து சேரும். இரண்டு தந்திகளிலும் 7ஐச் சேர்த்தால் டோரியன். இரண்டாவது தந்தியில் 6, முதலாவது தந்தியில் 7 என்றால் ஏயோலியன். இரண்டிலும் 6 என்றால் ஃபிரிஜியன். கையின் இடத்தை ஓர் அங்குலமும் நகர்த்தாமல் மூன்று மோட்களும் கிடைத்துவிட்டன.

மேஜர் பென்டாடோனிக்கும், அதாவது மோகனமும், இதேபோலத்தான். அதில் இல்லாதவை மத்திமமும் நிஷாதமும். சுத்த மத்திமமும் காகலி நிஷாதமும் சேர்ந்தால் அயோனியன். பிரதி மத்திமமும் காகலியும் சேர்ந்தால் லிடியன். சுத்த மத்திமமும் கைசிகியும் சேர்ந்தால் மிக்சோலிடியன். பென்டாடோனிக்கின் ஐந்து சுரங்களும் எந்தக் கோர்ட்டின் மேலும் பெரிதாக உறுத்தாமல் நிற்கும் பாதுகாப்பான சுரங்கள் என்பதையும், நிறம் தருவது இந்த இரண்டு சுரங்களே என்பதையும் கை உணர்ந்த பிறகு, அவற்றை எப்போது தொடுவது, எப்போது தவிர்ப்பது என்ற கட்டுப்பாடு தானாக வரும். டோரியன் வாசிக்கிறேன் என்று ஏழு சுரத்தையும் சமமாக ஏறி இறங்குபவரை விட, பென்டாடோனிக்கில் நின்றுகொண்டு சரியான கணத்தில் அந்தத் தைவதத்தை ஒரே ஒரு தடவை பிடிப்பவரே டோரியனை வாசிக்கிறார் என்பேன்.

மோட்டுக்கு உயிர் தருவது அடியில் ஓடும் கோர்ட் என்று தொடக்கத்தில் சொன்னதால், பழகுவதற்கான கோர்ட் இணைகளையும் சொல்ல வேண்டும். ஏ மைனரும் டி மேஜரும் மாறி மாறி ஓடினால் ஏ டோரியன். டி கோர்ட்டுக்குள் இருக்கும் எஃப் ஷார்ப் என்ற சுரமே அந்தத் தைவதம். ஏ மைனர், எஃப், ஜி என்றால் ஏயோலியன். ஏ மைனரும் பி ஃபிளாட் மேஜரும் என்றால் ஃபிரிஜியன். ஏ, ஜி, டி மூன்றும் மேஜராக வந்து ஏயில் நிலைத்தால் மிக்சோலிடியன். ஏயின் மேல் நின்றுகொண்டு பி மேஜரைத் தொட்டால் லிடியன். குழுவில் இன்னொரு கிட்டார்காரர் இருந்தால் இந்த இணைகளை அவர் பத்து நிமிடம் இடைவிடாமல் வாசிக்கட்டும். இல்லையென்றால் கைத்தொலைபேசியில் நீங்களே பதிவு செய்து, அதன் மேல் வாசியுங்கள்.

ஆனால் உங்கள் தேவாலயத்தில் பாடப்படும் பாடல்களில் பெரும்பாலானவை ஒரே மேஜர் சுருதியில் நான்கு கோர்ட்களுக்குள் நடப்பவை என்றே நினைக்கிறேன். அங்கே கோர்ட்டுக்குக் கோர்ட் மோட்டை மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். சி, ஜி, ஏ மைனர், எஃப் ஓடும் பாட்டில் நீங்கள் அறிய வேண்டியது ஒவ்வொரு கோர்ட்டின் காந்தாரமும் எங்கே இருக்கிறது என்பதே: சிக்கு ஈ, ஜிக்கு பி, ஏ மைனருக்கு சி, எஃப்புக்கு ஏ. கோர்ட் மாறும் அந்த அடியில் உங்கள் இசைத்தொடர் இவற்றில் ஒன்றில் வந்து இறங்குமானால், நடுவில் எதை வாசித்திருந்தாலும் கேட்பவருக்கு அது பாட்டோடு பொருந்தியதாகவே தோன்றும். இந்தப் பயிற்சி மோட்களைவிட முக்கியமானது என்பது என் கருத்து; உங்களைப் போல ரிதம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்கு இது மற்றவர்களைவிட விரைவில் வரும், ஏனெனில் கோர்ட் எப்போது மாறும் என்று உங்கள் கை ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கிட்டாரும் வயலினும் சேர்ந்து வாசிக்கும் பைலா, கஃப்ரிஞ்ஞா என்ற போர்த்துக்கேய வழிவந்த நடன இசையைக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்குமானால், இந்த நோக்கோடு கேட்டுப் பாருங்கள். ஆறெட்டு (6/8) நடையில், இரண்டு மூன்று மேஜர் கோர்ட்களுக்குள், மெட்டையே சற்று அலங்கரித்து, கோர்ட் சுரங்களில் சரியாக வந்து இறங்கும் இடையிசை அது. மோட் என்ற பேச்சே அங்கே எழாது. ஆயினும் லீட் வாசிப்புக்கு அதைவிட நல்ல பாடம் எளிதில் கிடைக்காது.

கமகம் அறிந்த காதுக்கு வளைப்பு, அதாவது பென்டிங், இயல்பாகவே பிடிக்கும். அதனாலேயே அதில் கவனக்குறைவும் வந்துவிடுகிறது. மூன்றாவது தந்தியின் 7ஆவது ஃப்ரெட்டை முழுச் சுரம் வளைக்கிறீர்கள் என்றால், முதலில் 9ஆவது ஃப்ரெட்டை நேராக வாசித்து அந்த ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு, பிறகு 7இலிருந்து வளைத்து அங்கே போய்ச் சேர வேண்டும். மோதிர விரல் வளைக்கும்போது நடுவிரலும் சுட்டுவிரலும் அதே தந்தியில் பின்னால் நின்று தாங்கட்டும். அரைச் சுர வளைப்பையும் முழுச் சுர வளைப்பையும் பிழையில்லாமல் பிரித்து வாசிக்க முடிந்தால், இதுவரை சொன்ன மோட் வேறுபாடுகள் அனைத்தையும் வளைப்பிலேயே காட்ட முடியும். எலெக்ட்ரிக் கிட்டாரில் 9–42 என்ற மெல்லிய தந்திக்கட்டு தொடக்கத்துக்குப் போதும். கடற்கரையோரத்தில் வாழும் நமக்கு உப்புக் காற்றில் தந்தி விரைவில் துருப்பிடித்துச் சொரசொரக்கும் தொல்லை வேறு இருக்கிறது. வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்துவிட்டு உறையில் வையுங்கள்.

பெட்டி முறையா, தந்திக்கு மூன்று சுரம் வைக்கும் முறையா என்ற வாதத்தில் காலத்தை வீணாக்க வேண்டாம். ஒரு தந்திப் பயிற்சி கைவந்தால் இரண்டும் தாமாகவே புரியும். லோக்ரியனை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக ஏழு மோட்களுக்கு வெளியே உள்ள இரண்டு ஸ்கேல்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று ஹார்மோனிக் மைனர், நமது கீரவாணி: முதலாவது தந்தியில் 0, 2, 3, 5, 7, 8, 11, 12. மைனர் சுருதிப் பாடல்களில் ஈ செவன்த் போன்ற கோர்ட் வந்து ஏ மைனரில் முடியும் இடத்தில், ஏயைச் சட்ஜமாகக் கொண்ட இந்த ஸ்கேல் தேவைப்படும். மற்றையது நீங்கள் சரளி வரிசை பாடத் தொடங்கிய நாளிலிருந்தே அறிந்த மாயாமாளவகௌளை: 0, 1, 4, 5, 7, 8, 11, 12. மேலைத்தேயத்தில் இதை டபிள் ஹார்மோனிக் என்பார்கள். அங்கே பலர் அரிதாகக் கருதும் இந்த ஸ்கேல் உங்கள் தொண்டையில் சிறுவயது முதலே இருக்கிறது என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடிக்கு வைத்து, அடிக்கு இரண்டு சுரம் என்று தொடங்கி, ஒலி தெளிவாக இருக்கும் வரை மட்டும் கூட்டுங்கள். வாய்விட்டுப் பாடி மூச்செடுக்கும் இடத்தில் கையையும் நிறுத்துவது வேகத்தைவிடப் பயன் தரும். மேலைத்தேய இசைக்குறியீடு லீட் வாசிப்புக்குக் கட்டாயம் இல்லை. சுரக்குறிப்பு எழுதத் தெரிந்த நீங்கள் அதன் கீழே ஃப்ரெட் எண்ணையும் எழுதிக்கொண்டால் உங்கள் தேவைக்குப் போதும். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் படிக்கும் நண்பர் எவரேனும் உங்களுக்கு இருந்தால், அவரை ஒரு மோட்டின் சுரங்களில் நான்கு அடிக்குச் சிறு சங்கதி ஒன்றை வாசிக்கச் சொல்லி, அடுத்த நான்கு அடியில் அதையே கிட்டாரில் திருப்பி வாசிக்கப் பழகுங்கள். ஆறாவது தந்தியின் ஈ அல்லது ஐந்தாவது தந்தியின் ஏ சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்க, முதல் மாதம் டோரியனையும் மிக்சோலிடியனையும் மட்டும் இவ்வாறு செய்துவிட்டு, பிறகு ஏயோலியனைச் சேருங்கள்.